விதையோடு கப்பலேறிய சபை

அவைத்தலைவர் ஐயா அவர்களே, களத்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் முன்வரிசைப் பெரியவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட உரிமையாளர் அவர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். ஆயர் ஐயா பொன்னாடை போர்த்தினார்; அதற்குப் பதில் ஒரு படி விதைநெல் தந்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் க்னாடெனாவ் என்ற சின்னஞ்சிறு கிராமத்துச் சபையைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன். ஏன் போனார்கள், எப்படி வழிபட்டார்கள், எதைக் கொண்டுபோனார்கள்.

இவர்கள் மென்னோனைட்டுகள், ஆயுதம் தொடாத கிறிஸ்தவ உழவர்கள். படைக்கு ஆள் கேட்க மாட்டோம் என்று வாக்களித்துத்தான் ரஷ்யப் பேரரசு இவர்களைக் குடியேற்றியது. 1874இல் கட்டாய ராணுவச் சட்டம் வந்தது. நூறு வருஷம்கூடத் தாங்கவில்லை அந்த வாக்கு! அந்தப் பேரரசின் கிரிமியாவில் 1869இல் யாக்கோபு வீபே தொடங்கிய சபை, 1874 கோடையிலேயே கப்பலேறி, கான்சாஸில் ரயில்வே கம்பெனியிடம் நிலம் வாங்கியது. அந்த வருஷம்தான் வெட்டுக்கிளிகள் அந்தப் பக்கத்து வயல்களை மொட்டையடித்திருந்தன. ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’. இவர்கள் பார்க்கவில்லை.

ஆனால் ஒரு குழந்தை கணக்குப் பார்த்தாள்! அன்னா பார்க்மன், எட்டு வயது. கிரிமியாவிலிருந்து கிளம்பும் முன் அப்பா சொல்கிறார்: “விதைக்கோதுமையைப் பொறுக்கு. நல்ல சிவப்பா, திரட்சியா இருக்கிறதை மட்டும்.” பிள்ளை உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுக்கிறாள், பார்க்கிறாள். சொத்தையா? தள்ளு. உடைந்ததா? தள்ளு. நம் வீட்டுப் பிள்ளையை உளுந்தில் கல் பொறுக்கச் சொல்லிப் பாருங்கள், பத்தாவது நிமிஷம் ஆள் தெருவில் இருப்பாள்! (சிரிப்பு) அன்னா இரண்டரை லட்சம் மணி பொறுக்கினாளாம். வரலாற்று ஆசிரியர்கள் இதை நம்புவதில்லை. பெருமளவு விதை பிறகுதான் இறக்குமதியானது என்கிறார்கள். இருக்கட்டும். அந்த ஊர்ப் பாட்டிமார்கள் கதையை விடவில்லை, நானும் விடமாட்டேன்.

அந்தக் கோதுமைக்கு ‘டர்க்கி ரெட்’ என்று பெயர். இலையுதிர் காலத்தில் விதைத்து, பனியில் கிடத்தி, கோடையின் தொடக்கத்தில் அறுப்பது. கான்சாஸையே கோதுமை நாடாக்கியது. அப்புறம்? அதிலிருந்தே பிறந்த புதிய ரகங்கள் வந்து, 1940களுக்குள் வயலைவிட்டே அதை விரட்டிவிட்டன. இன்று ஆர்வமுள்ள சிலர் தேடிப் பயிரிடுகிறார்கள். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு நாம் செய்ததும் இதுதானே? ஊராட்சிக்கு ஒரு விதைக்களஞ்சியம் வேண்டும் என்று நான் தொண்டை வற்றக் கத்துவது இதற்குத்தான். செலவு என்னாகும் என்கிறார் அதிகாரி. ஐயா, உழுதவன் கணக்குப் பார்த்தால்... மீதியை நீங்களே சொல்லுங்கள்! (கைதட்டல்)

வழிபாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். ஞானஸ்நானத்தில் முன்புறம் குனிந்து முழுகுவதா, பின்புறம் சாய்ந்தா என்று இன்னொரு மென்னோனைட் பிரிவோடு வெகுகாலம் ஒத்துப்போகாதவர்கள், 1960இல் அவர்களோடே இணைந்தார்கள். விரிவாகச் சொல்ல நேரமில்லை; தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். களஞ்சியக் கோரிக்கை மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு முதல் பந்தி.