மொன்செராட்: நல்ல மண் இருந்த பக்கம்

வணக்கம் நேயர்களே.

கிழக்குக் கரீபியனில் மொன்செராட் என்று ஒரு தீவு இருக்கிறது. 16 கிலோமீட்டர் நீளம், 11 கிலோமீட்டர் அகலம், அவ்வளவுதான். பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டது. சட்டப்படி அதன் தலைநகரம் இன்றைக்கும் பிளிமத். ஆனால் பிளிமத்தில் ஒருவர்கூடக் குடியிருக்கவில்லை. ஊரே எரிமலைச் சாம்பலுக்கு அடியில் கிடக்கிறது.

தீவு முழுவதுமே எரிமலைகள் கட்டியது. வடக்கே சில்வர் குன்றுகள், அவை அணைந்து பல லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நடுவில் காடு மூடிய சென்டர் குன்றுகள். தீவுக்குக் குடிநீர் தரும் ஊற்றுகள் அங்கேதான். தெற்கே இருப்பது சூஃப்ரியர் குன்றுகள், இருப்பதிலேயே இளையது. வடக்கு வறண்ட பூமி. தெற்கிலோ நல்ல மழை, கொழுத்த எரிமலை மண். சரி, மனிதர்கள் எங்கே குடியேறுவார்கள்? துறைமுகம், தோட்டங்கள், தலைநகரம் எல்லாம் தெற்கையும் மேற்குக் கரையையும் ஒட்டியே வளர்ந்தன.

1493இல் கொலம்பஸ் இந்தத் தீவைக் கடந்துபோனபோது, ஸ்பெயினில் உள்ள ஒரு மடத்தின் பெயரை இதற்கு வைத்தார். 1630களில் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் பெருமளவில் வந்து சேர்ந்தார்கள். இன்றும் ரைலி, ஸ்வீனி என்ற குடும்பப் பெயர்களோடு கறுப்பின மக்கள் அங்கே வாழ்கிறார்கள். இதைச் சுற்றுலாக்காரர்கள் இனிப்பாகச் சொல்வார்கள். அந்த ஐரிஷ்காரர்களிலும் பலர் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்தவர்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. 1768 மார்ச் 17, ஐரிஷ்காரர்களின் திருநாளான புனித பேட்ரிக் நாள். எஜமானர்கள் குடித்துக் கொண்டாடும் நேரம் பார்த்துக் கிளர்ந்தெழ அடிமைகள் திட்டமிட்டார்கள். விஷயம் முன்கூட்டியே கசிந்துவிட்டது, முன்னின்றவர்களைத் தூக்கிலிட்டார்கள். இப்போது அந்த நாள் மொன்செராட்டில் பொது விடுமுறை. ஐரிஷ் வழக்கப்படி பச்சை உடை உடுத்துகிறார்கள்தான், ஆனால் நினைவுகூர்வது தூக்கில் தொங்கியவர்களை.

கரும்புக்குப் பிறகு எலுமிச்சைச் சாறு, பருத்தி என்று காலம் ஓடியது. 1979இல், பீட்டில்ஸ் இசைக்குழுவின் தயாரிப்பாளரான ஜார்ஜ் மார்ட்டின் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார். உலகப் புகழ்பெற்ற பாடகர்கள் வந்துபோனார்கள். 1989 செப்டம்பரில் ஹ்யூகோ புயல் தீவையே புரட்டிப்போட்டது, அந்தக் கூடமும் போயிற்று.

அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். சூஃப்ரியர் குன்றுகளின் அடியில் 1890களிலும் 1930களிலும் 1960களிலும் தொடர் நிலநடுக்கங்கள் வந்திருந்தன. பிளிமத்துக்கு ஆபத்து இருக்கிறது என்று 1980களிலேயே விஞ்ஞானிகள் எழுதியும் வைத்தார்கள். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. புயலில் இடிந்ததையெல்லாம், மருத்துவமனை உட்பட, மறுபடியும் அதே பிளிமத்தில் கட்டினார்கள்.

1995 ஜூலை 18 அன்று மலை விழித்துக்கொண்டது. எரிமலை என்றால் நெருப்பு ஆறு ஓடும் என்று நினைப்போம். இங்கே அப்படியில்லை. குழம்பு கெட்டியாக இருப்பதால் வழிந்து ஓடாமல் உச்சியிலேயே குவிகிறது. குவியல் சரியும்போது கொதிக்கும் வாயுவும் சாம்பலும் பாறையும் ஒன்றாகச் சரிவில் பாய்ந்து வருகின்றன, கார் வேகத்துக்கும் மேலே. ஓடித் தப்ப முடியாது. கூரையில் படியும் சாம்பலோ மழையில் நனைந்தால் கனத்து வீட்டையே சாய்த்துவிடும்.

மக்களை வடக்கே அனுப்பினார்கள். பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் தங்கவைத்தார்கள். அங்கே பயிர் செய்ய நிலம் ஏது? விவசாயிகள் தடை செய்யப்பட்ட பகுதிக்குள் திரும்பிப்போய்க் காய்கறி பறித்தார்கள். 1997 ஜூன் 25 அன்று மலை சரிந்ததில் 19 பேர் இறந்தார்கள். அவர்களை எச்சரிக்கையை மதிக்காதவர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எளிது. விளைகிற மண் அந்தப் பக்கம்தான் இருந்தது.

அதே ஆண்டு, தீவு மக்கள் கூடுதல் உதவி கேட்டபோது, ‘அடுத்தது தங்க யானை கேட்பார்கள்’ என்றார் பிரிட்டிஷ் அமைச்சர் கிளேர் ஷார்ட். அந்தப் பேச்சு அங்கே இன்னும் மறக்கப்படவில்லை.

பத்தாயிரத்துக்கும் மேல் இருந்த மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பிரிட்டனுக்கும் அக்கம்பக்கத்துத் தீவுகளுக்கும் போய்விட்டார்கள். இப்போது இருப்பவர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. தீவின் தென்பாதி நுழையக்கூடாத பகுதி. அரசு அலுவலகங்கள் வடக்கே பிரேட்ஸில் இயங்குகின்றன. 2005இல் வடக்கிலேயே சிறு விமான நிலையமும் திறந்தார்கள். முன்பு யாரும் சீந்தாத வறண்ட வடக்குதான் இன்று முழுத் தீவு.

அப்புறம், மலை கொட்டிய சாம்பலும் மணலும் வீண்போகவில்லை. அனுமதி பெற்ற லாரிகள் அதை அள்ளுகின்றன. கட்டட வேலைக்கு நல்ல மணல் என்று பக்கத்துத் தீவுகள் காசு கொடுத்து வாங்குகின்றன. புதைந்துபோன பிளிமத்தின் படகுத்துறையிலிருந்தே அதைக் கப்பலேற்றியிருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.