காட்பாடில ட்ரெய்ன் ஏறுன பையன் எங்க போனான்? மேன் மிஸ்ஸிங் கேஸ் ஏன் இழுத்துக்கிட்டே போகுது

(திரையில்: காட்பாடி ஜங்ஷன், ராத்திரி)

குடியாத்தம் பக்கம் லுங்கி நெய்யற ஒரு குடும்பம்னு வெச்சுக்கோங்க, இது ஒரே வூட்டு கதை இல்ல, நம்ம பக்கம் நடக்கறத சேத்து சொல்றேன். பையன் பெங்களூர் வேலைக்குன்னு காட்பாடிக்கு வர்றான், ராத்திரி அம்மாவுக்கு ஒரு போன் போடறான், அதோட சுவிட்ச் ஆஃப்.

அப்பா ஸ்டேஷனுக்கு ஓடறாரு. "இன்னா பெரியவரே, வயசுப் பையன் தானே, ஃப்ரெண்டு வூட்ல இருப்பான், நாளைக்கு வாங்க." 24 மணி நேரம் கழிச்சு தான் கம்ப்ளெயின்ட்னு எந்த சட்டத்துலயும் இல்லீங்க. மனு வாங்குனதுக்கு மட்டும் சிஎஸ்ஆர்னு ஒரு ரசீது குடுப்பாங்க, அதோட திரும்பி வந்துடாதீங்க, எஃப்ஐஆர் போடச் சொல்லி கேளுங்க, காப்பி ஃப்ரீ. 18 வயசு ஆகாத பசங்கன்னா எஃப்ஐஆர் கட்டாயம்னு 2013லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

(திரையில்: ரயில்வே மேப்)

சிக்கலே இந்த ஜங்ஷன் தான். ப்ளாட்ஃபார்ம்ல நடந்தா ரயில்வே போலீஸ், வெளிய ரோட்டுக்கு வந்தா லோக்கல் ஸ்டேஷன், ஜோலார்பேட்டைன்னா 2019ல பிரிஞ்ச திருப்பத்தூர் மாவட்டம், சித்தூர் லைன்ல போயிட்டா ஆந்திரா, அங்க பேப்பர் எல்லாம் தெலுங்குல. அங்க அடையாளம் தெரியாத பாடி ஒண்ணு கெடைச்சா அது அவங்க கணக்குல ஒரு கேஸ், இங்க மேன் மிஸ்ஸிங் இன்னொரு கேஸ், யாராவது ஒக்காந்து ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாக்கற வரைக்கும் ரெண்டுமே அப்படியே கெடக்கும். எனக்கென்னமோ பாதி கேஸு இப்படித்தான் தேங்குதுன்னு தோணுது.

எல்லாரும் கால் ரெக்கார்டு கால் ரெக்கார்டுன்னு அலையறாங்க, அதாவது யாருக்கு எப்ப போன் போச்சுங்கற லிஸ்ட். அத போன் கம்பெனிங்க 2 வருஷமாவது வெச்சிருக்கணும்னு 2021 டிசம்பர்ல ரூல் வந்துடுச்சு. ஆனா டீக்கடை, லாட்ஜ் கேமராவுல இருக்கறது பெரும்பாலும் சில வாரத்துல மேலயே ரெக்கார்ட் ஆகி அழிஞ்சிரும், அதனால மொதல்ல ஓட வேண்டியது அங்க, போலீஸ் எழுதி கேக்கணும்னு நீங்க மனுல எழுதிக் குடுங்க.

வேலூர் பக்கம் அடுக்கம்பாறை ஜிஎச்ல தெரியாத பாடி வந்துருக்குன்னு சொன்னா அந்த அப்பா பஸ் புடிச்சு போயிடுவாரு. முகத்த பாக்க மாட்டாரு, போத்துன துணிய கால் பக்கமா தூக்கி, சின்ன வயசுல தறிக்குழில வுழுந்து இடது முட்டில ஆன தழும்பு இருக்குதான்னு மட்டும் பாப்பாரு.

(திரையில்: கோர்ட் ஃபைல்)

7 வருஷம் தகவலே இல்லன்னா இறந்ததா எடுத்துக்கலாம்னு பழைய சாட்சியச் சட்டம் 108வது பிரிவு, இப்ப இருக்கற புது சாட்சியச் சட்டத்துல 111. ஆனா அது தானா நடக்காது, கோர்ட்டுக்கு போகணும். போனா "எம்புள்ள இல்லன்னு நானே எழுதிக் குடுக்கணுமா"ன்னு அம்மா கையெழுத்து போட மாட்டாங்க, அத யாரும் தப்பு சொல்ல முடியாது.

இன்னொண்ணு, இது நெறைய பேருக்கு தெரியல. சட்டம் இறந்துட்டாருன்னு தான் அனுமானிக்கும், எந்த தேதில இறந்தாருன்னு அனுமானிக்காது. 2004ல சுப்ரீம் கோர்ட்டே இத சொல்லி, காணாமப் போனப்புறம் ப்ரீமியம் கட்டாம பாலிசி காலாவதி ஆயிட்டதால குடும்பத்துக்கு க்ளெய்ம் இல்லன்னுடுச்சு. அதனால பையன் பேர்ல பாலிசி இருந்தா வுட்டுடாம கட்டுங்க, ரசீத எஃப்ஐஆர் காப்பியோட ஒரே ஃபைல்ல வைங்க.