ஸ்காட்ஸ் வட்டார வழக்குகளில் எதிர்மறை வினைகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதிகளில் வழங்கும் ஸ்காட்ஸ் மொழியை ஆங்கிலத்தின் கொச்சை என்று ஒதுக்குவோர் அந்நாட்டிலேயே இன்றும் உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அம்மொழி பேசத் தெரியும் என்று பதிந்தவர்களோ ஏறத்தாழ 15 லட்சம் பேர். கொச்சை என்னும் கூற்றை மறுக்க அவர்களுடைய எதிர்மறை வினைகளே போதும்.

ஸ்காட்ஸில் எதிர்மறைப் பொருளைத் தருவன முதன்மையாக இரண்டு: தனித்து நிற்கும் சொல் ஒன்று, 'டூ', 'இஸ்' போன்ற துணைவினையின் ஈற்றில் ஒட்டும் விகுதி மற்றொன்று. எடின்பரோ, கிளாஸ்கோ முதலிய நடுப்பகுதி ஊர்களில் தனிச்சொல் 'நோ', விகுதி 'நே'. அபர்டீனைச் சூழ்ந்த வடகிழக்கிலோ தனிச்சொல்லே 'நே', விகுதி 'னா'. ஓரிடத்து விகுதி மற்றோரிடத்தில் தனிச்சொல்லாக நிற்பது, புதிதாகக் கற்பவரைச் சற்றுத் திணறடிக்கத்தான் செய்யும். நடுப்பகுதிக்குள்ளும் வேற்றுமை உண்டு. ஆங்கில 'டிட் நாட்'டுக்கு ஈடாக 'டிட்னே' என்று இறந்தகாலத்தில் தயங்காமல் சொல்லும் கிளாஸ்கோக்காரர், 'டூ நாட்'டுக்கு ஈடான நிகழ்காலத்து 'டின்னே'யைப் பெரும்பாலும் கிழக்கத்தியார் பேச்சாகவே கருதுவார். வினாவில் விகுதி பொதுவாகப் பின்வாங்கிவிடும், "அவன் வரவில்லையா?" என்பதற்கு "இஸ் ஹி நோ கம்மின்?" என்று தனிச்சொல்லையே ஆள்வர்.

இவை எல்லாவற்றையும்விட ஆராயத் தக்கது அதே வடகிழக்கில் மோரே கடற்கரையிலுள்ள பக்கி என்னும் மீனவ ஊரின் வழக்கு. மொழியியலாளர் ஜெனிஃபர் ஸ்மித் இதை விரிவாக ஆய்ந்திருக்கிறார். "எனக்குத் தெரியாது" என்பதற்கு அவ்வூரார் "ஐ டின்னா கென்" என்றும் சொல்வர், துணைவினையை அறவே விட்டு 'னா' விகுதியை மட்டும் நிறுத்தி "ஐ நா கென்" என்றும் சொல்வர். வெளியூர்க் காதுக்கு இது அரைகுறைப் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் அதே வாயிலிருந்து "அவனுக்குத் தெரியாது" என்னும் பொருளில் "ஹி நா கென்" என்று வராது. அங்கே "ஹி டிஸ்னா கென்" என்பதே வழக்கு. காரணம் தெளிவானது. படர்க்கை ஒருமையில் 'ஸ்' என்னும் விகுதி வந்தாக வேண்டும். எதிர்மறைச் சொல் குறுக்கே நிற்பதால் அவ்விகுதி முதன்மை வினையைச் சென்று சேர முடியாது. ஆகவே அதைத் தாங்குவதற்குத் துணைவினை ஒன்று கட்டாயமாகிறது. தன்மையிலும் முன்னிலையிலும் அத்தகைய விகுதி தோன்றாத இடங்களில் தாங்க வேண்டிய சுமை எதுவும் இல்லை. ஆதலால் துணைவினையை வைப்பதும் விடுவதும் பேசுபவர் விருப்பம். சோம்பலால் சொல்லை விழுங்குகிறவர்கள் என்றால், அவர்கள் அதைப் படர்க்கை ஒருமையிலும் விழுங்கியிருக்க வேண்டுமல்லவா?