விஎம்மிலிருந்து ஹோஸ்ட்டுக்கு 21 நிமிடமா?

திரையில் அந்தக் கட்டத்தைப் பெரிதாக்குகிறேன், தெரிகிறதா? 14 ஜிபி கோப்பு, நொடிக்கு 11.2 எம்பி, இன்னும் 21 நிமிடம் ஆகும் என்கிறது. இந்தக் கோப்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? இதே லேப்டாப்புக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினியான லினக்ஸ் விஎம்மிலிருந்து, அதைச் சுமக்கும் ஹோஸ்ட்டான இதே லேப்டாப்பின் விண்டோஸுக்கு. இரண்டும் குடியிருப்பது ஒரே எஸ்எஸ்டியில்.

வணக்கம். போன வாரம் முழுக்க இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு நாள் செய்ததெல்லாம் வீண். விஎம்முக்கு ரேமைக் கூட்டினேன், சிபியு கோர்களைக் கூட்டினேன், டிஸ்க்கை நிலையான அளவுக்கு மாற்றினேன். 11.2 அசையவே இல்லை. அது அசையாமல் இருப்பதே துப்பு என்று மூன்றாம் நாள்தான் உறைத்தது. டிஸ்க்கோ சிபியுவோ திணறினால் எண் ஏறும், இறங்கும். இதுவோ ஆணி அடித்த மாதிரி நின்றது.

நெட்வொர்க்கின் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள். கோப்பு நகலாகும் கட்டம் பைட்டில் காட்டும். எட்டு பிட் ஒரு பைட். 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 எம்பி, ஒவ்வொரு பாக்கெட்டிலும் முகவரிக்கும் மற்ற தகவலுக்கும் போகும் இடத்தைக் கழித்தால் 11 சொச்சம். அப்படியானால் வழியில் எங்கேயோ ஒரு 100 மெகாபிட் இணைப்பு இருக்க வேண்டும். ஆனால் விஎம்முக்கும் ஹோஸ்ட்டுக்கும் நடுவில் கம்பி ஏது?

இருந்தது. பல மாதங்களுக்கு முன்னால் நானே வைத்தது. இந்த லேப்டாப்பின் வயர் போர்ட்டை விஎம்முக்கு மட்டும் என்று ஒதுக்கி, பிரிட்ஜ் (விஎம்மை அந்தப் போர்ட் வழியாக நேராக வீட்டு நெட்வொர்க்கில் சேர்க்கும் ஏற்பாடு) போட்டு, விண்டோஸில் அந்தப் போர்ட்டின் நெட்வொர்க் கார்டுக்கு ஐபி முகவரியே வராதபடி டிக்கை எடுத்துவிட்டிருந்தேன். விண்டோஸ் வைஃபையில் இருக்கிறது. விஎம்முக்குத் தெரிந்த ஒரே வாசல் அந்த வயர் போர்ட். அதனால் கோப்பு லேப்டாப்பை விட்டு வெளியே போய், கேபிள் வழியாக ரவுட்டருக்கு நடந்து, அங்கிருந்து காற்றில் பறந்து, கிளம்பிய லேப்டாப்புக்கே திரும்பி வந்திருக்கிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதை நெட்வொர்க்கில் செய்து வைத்திருந்தேன்.

பிரிட்ஜ் என்றாலே பாக்கெட் வெளியே போகும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஹோஸ்ட்டும் விஎம்மும் ஒரே கார்டில் முகவரி வைத்திருந்தால், அவை தங்களுக்குள் பேசுவது கம்பிக்குப் போவதில்லை, கணினிக்குள்ளேயே முடிந்துவிடும். என் வீட்டில் ஹோஸ்ட் ஒரு கார்டிலும் விஎம் வேறு கார்டிலும் இருந்ததுதான் வினை.

சரி, ரவுட்டர் கிகாபிட், லேப்டாப் போர்ட்டும் கிகாபிட். 100 எங்கிருந்து வந்தது? இதோ, இந்தக் கேபிள். கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். முனையில், கிளிப் பக்கம், பழுப்புக் கம்பி மட்டும் உள்ளே போய் உட்காராமல் விலகி நிற்கிறது பாருங்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி செத்தால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோவதில்லை, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். பிரவுசர் எப்போதும்போல் ஓடும், ஒருவருக்கும் சந்தேகம் வராது.

கேபிளை மாற்றினால் பாதித் தீர்வுதான், கோப்பு வெளியே போய் வருவது நிற்காது. அதனால் விஎம்மை அணைத்துவிட்டு, இரண்டாவதாக ஒரு நெட்வொர்க் கார்டு சேர்த்து, அதை ஹோஸ்ட் ஒன்லியில், அதாவது ஹோஸ்ட்டோடு மட்டும் பேசும் வகையில், வைத்தேன். விஎம்மை ஓட்ட நான் வைத்திருப்பது வர்ச்சுவல்பாக்ஸ். அதில் ஹோஸ்ட்டுக்கு வழக்கமாக 192.168.56.1 என்ற முகவரி வரும். கோப்பை அந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும், பழைய வைஃபை முகவரிக்கு அனுப்பினால் பழைய பாதையிலேயே போகும். முதல் தடவை நான் அப்படித்தான் அனுப்பி, ஒன்றும் மாறவில்லையே என்று அரை மணி நேரம் தலையைச் சொறிந்தேன்.

மாற்றிய பிறகு 90 எம்பி. அங்கேயே நின்றிருக்கலாம், ஆனால் கை சும்மா இருக்குமா? ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் கருவியை ஓட்டினேன். இது டிஸ்க்கைத் தொடாது, நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு நெட்வொர்க் வழியாக மட்டும் தள்ளிப் பார்க்கும். ஏறத்தாழ 800 மெகாபிட் காட்டியது. அதாவது இன்னும் நெட்வொர்க்தான் கழுத்தைப் பிடிக்கிறது, எஸ்எஸ்டி இல்லை.

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன், எனக்கு இது பிடித்த இடம். விஎம்முக்குள் இருக்கும் கார்டு, இன்டெல் புரோ 1000 என்ற நிஜக் கார்டின் போலி. லினக்ஸ் அதை நிஜம் என்று நம்பி, கட்டளை கொடுக்க அதன் ரெஜிஸ்டர் என்ற இடத்தில் எழுதும். எழுதப் போனால் சிபியு விஎம்மை நிறுத்தி, விஎம்மை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசரை எழுப்பி, "இவன் ஏதோ எழுதுகிறான், கவனி" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வரும். இப்படி நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. வேகத்தைத் தின்பது இந்த நிறுத்தமும் எழுப்பலும்தான். கார்டு தன்னை 1 கிகாபிட் என்று சொல்லிக்கொள்வது வெறும் பெயர்ப்பலகை. அதைவிடக் குறைவாகவும் ஓடும், வேகமான கணினியில் கூடுதலாகவும் ஓடும்.

விஎம்களுக்கென்றே உருவான விர்ட்ஐஓ என்ற கார்டு வகை அந்த வேஷத்தைப் போடுவதில்லை. தான் விஎம்முக்குள் இருப்பது டிரைவருக்கே தெரியும். இரு தரப்புக்கும் பொதுவான நினைவகத்தில் ஒரு வரிசை வைத்து, பாக்கெட்டுகளைக் கொத்தாகப் போட்டுவிட்டு ஒரே தடவை மணி அடிக்கும். கார்டு வகையை விர்ட்ஐஓ என்று மாற்றினேன், ஐபெர்ஃப் 3 கிகாபிட்டைத் தாண்டியது. லினக்ஸில் இதற்கு டிரைவர் ஏற்கெனவே உண்டு. விண்டோஸ் விஎம் என்றால் முதலில் டிரைவரை நிறுவிவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் நெட்வொர்க்கே காணாமல் போகும். இன்னொரு விஎம் மென்பொருளான விஎம்வேரில் இதே வேலையைச் செய்வது விஎம்எக்ஸ்நெட்3.

இப்போது அதே 14 ஜிபி, நொடிக்கு 230 எம்பி. ஒரு நிமிடம் சொச்சம். ஒரே எஸ்எஸ்டியில் படிப்பதும் எழுதுவதும் நடப்பதால் இதற்குமேல் நான் துரத்தவில்லை. நகலெடுக்கும்போது தொடக்கத்தில் 1 ஜிபி வேகம் காட்டினால் ஏமாறாதீர்கள். அது ரேமில் குவிவது. 99 சதவீதத்தில் போய் உறைந்து நிற்கும்போதுதான் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்.

அப்புறம், பெரிய கோப்பு பறக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்டுகளில் வரும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் மட்டும் ஊர்கிறதே என்பீர்கள். அதில் 40,000 குட்டிக் கோப்புகள் என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் திற, உருவாக்கு, எழுது, தேதி போடு, மூடு என்று ஐந்து கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் 1 மில்லிநொடி. கோப்பின் அளவு என்னவாக இருந்தாலும் 200 நொடி அதிலேயே போய்விடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். டார் என்ற கருவியால் கட்டி ஒரே கோப்பாக்கி அனுப்பி, அந்தப் பக்கம் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ்ட்டும் விஎம்மும் பகிரும் ஷேர்டு ஃபோல்டரிலும் இதே தொல்லைதான். க்யூஇஎம்யு என்ற விஎம் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் அதற்கான 9பி என்ற நெறிமுறையைப் பார்த்திருப்பீர்கள், பெல் லேப்ஸின் பிளான் 9 இயங்குதளத்துக்காகப் பிறந்தது. லினக்ஸ் 5.15-க்கு முந்தைய கெர்னல்களில் அது ஒரு தடவைக்கு 8 கேபிதான் எடுக்கும், அந்த அளவைத் தீர்மானிக்கும் எம்சைஸ் அமைப்பைக் கூட்டினால் உயிர் வரும். 5.4 முதல் கெர்னலில் இருக்கும் விர்ட்ஐஓஎஃப்எஸ் என்ற மாற்று வழி அதைவிட நல்லது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-இல் சி டிரைவை லினக்ஸிலிருந்து தொடும்போது மந்தமாக இருப்பதற்கும் இடையில் 9பி இருப்பது ஒரு காரணம். புராஜெக்டை லினக்ஸ் பக்கமே வையுங்கள்.

கோப்பைச் சங்கேதமாக்கி அனுப்பும் எஸ்சிபியில் அனுப்புகிறீர்கள், விஎம்மில் ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தைத் தொடுகிறது என்றால், விஎம்முக்குக் கொடுத்த சிபியு வகையில் ஏஇஎஸ் என்ற சங்கேத முறைக்கான வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சங்கேதமாக்கும் வேலை முழுவதும் மென்பொருளின் தலையில் விழும்.

நூற்றுக்கணக்கான ஜிபி என்றால் நெட்வொர்க்கையே மறந்துவிட்டு, விஎம்மை அணைத்து, அதன் டிஸ்க் கோப்பை ஹோஸ்ட்டில் ஒரு டிரைவ் போல மவுன்ட் செய்து எடுக்கலாம். அணைத்த பிறகு மட்டும். ஓடும்போது இரண்டு பக்கமும் ஒரே டிஸ்க்கில் எழுதினால் கோப்பு முறைமை சிதைந்துவிடும்.

பழைய பாதையில் ஓடவிட்டது என்ன ஆயிற்று? இன்னும் 13 நிமிடம் என்கிறது. நிறுத்திவிடுகிறேன். கத்தரிக்கோல் எங்கே வைத்தேன்? ம், இந்தக் கேபிளின் முனையை வெட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வருடம் நானே இதை எடுத்து எங்கேயாவது சொருகுவேன்.