மந்திரிமனைச் சுவர் கேட்பது சுண்ணாம்பு

அவையோருக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்து நல்லூரில் சட்டநாதர் கோயிலடியில், மந்திரியின் வீடென்று சொல்லப்படும் பழங்கட்டடமான மந்திரிமனை. கூப்பிடு தூரத்தில் சங்கிலித்தோப்பு வளைவு, ‘ப’ வடிவில் வெட்டிய யமுனா ஏரி. 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த யாழ்ப்பாண அரசின் இருப்பிடம் இது. மந்திரிமனையின் வளைவுகளில் ஐரோப்பியக் கைவண்ணம் தெரிகிறது. ஆகவே இன்று நிற்கும் சுவர்கள் அந்த அரசின் கடைசி மன்னன் சங்கிலியன் கட்டியவை என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. அரசிருந்த மண் என்ற நினைவை நானூறு ஆண்டுகளாக இந்த ஊர் கைவிடவில்லை.

பழஞ்சுவருக்கு முதல் எதிரி மழைத்தண்ணீர். கூரை போனதும் ஐப்பசி, கார்த்திகை மாரி சுவரின் தலையால் உள்ளே இறங்கிச் சாந்தைக் கரைக்கும். அந்த ஈரத்தில் பறவை எச்சத்தோடு விழுந்த ஆலம் வித்து முளைக்கும். முளைத்ததைப் பிடித்து இழுக்காதீர்கள், கல்லும் கூடவே வரும். அடியோடு வெட்டி, வேர் பட்டபின் இடுக்கைச் சாந்தால் அடைக்க வேண்டும். சுவரின் தலையைச் சரிவாகப் பூசிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது எதிரியை நாங்களே கொண்டுபோய்ப் பூசுகிறோம்: சீமெந்து. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். அதோடு நிலத்திலிருந்து ஏறும் உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகிப் பருக்கும். சில மாரிக்குள் பூச்சு பழைய கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

ஆகவே சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் பூச வேண்டும். தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் சில வாரமாவது ஊற விடுங்கள். நீறாத கட்டி இருந்தால் பூசியபின் நீறிப் பொங்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். கடற்கரை மணல் கூடாது, உவர்க்கிணற்றுத் தண்ணீரும் கூடாது; யாழ்ப்பாணத்தில் பல வேலைகள் கெடுவது இந்த இடத்தில்தான். சுவரை நனைத்து, ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் போகாமல் படை படையாகப் பூசி, ஈரச்சாக்கால் மூட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை எடுத்து மெல்ல மெல்லக் கல்லாகும். கடும் வெயிலில் ஒரே நாளில் காய்ந்தால் கல்லாகாது, தூளாகும்.

மேசனைக் கூப்பிடுமுன் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பெயர்ந்த கல் ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுப் படம் எடுத்து வையுங்கள். மாரிக்கு முன் பூச்சு இறுக வேண்டும். ஆகவே தை பிறந்ததும் தொடங்குவதே நல்லது.