சொல்லத் தெரிய வேண்டும், கேட்கவும் தெரிய வேண்டும்

நண்பர்களே, வணக்கம்.

வேலையிடத்தில் மனித உறவு என்று பேச்செடுத்தாலே, 'அதெல்லாம் பிறவிக்குணம், சொல்லிக்கொடுத்து வராது' என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. நீச்சலைப் போல இதுவும் பழகப் பழக வருவதுதான். விமானத் துறை இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது.

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் இறங்க வேண்டிய ஒரு யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம். சக்கரங்கள் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டனவா என்று சந்தேகம். அதைப் பார்ப்பதிலும், பயணிகளை அவசரத் தரையிறக்கத்துக்குத் தயார்செய்வதிலும் கேப்டன் மூழ்கிப்போனார். விமானம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமடித்தது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது துணை விமானிக்கும் ஃப்ளைட் இன்ஜினியருக்கும் தெரியும். அதைப் பற்றிச் சொல்லவும் சொன்னார்கள். ஆனால் கேப்டன் மற்றதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும்படி அவர்கள் சொல்லவில்லை. நான்கு இன்ஜின்களும் நின்றன. ஓடுபாதை வந்து சேர்வதற்குள் விமானம் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கை முதல் பொறுப்பைக் கேப்டன்மீதுதான் வைத்தது. அதோடு நிற்காமல், மற்ற இருவரும் நிலைமையின் தீவிரத்தை முழுதாக உணரவில்லை, அல்லது உணர்ந்ததை அவருக்கு எட்டும்படி சொல்லவில்லை என்றும் எழுதியது. மறு வருடம் நாசா இதற்காகவே ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமானிகளுக்குப் பயிற்சியைத் தொடங்கியது. இன்று அதை க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்கிறார்கள். விமானம் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு, ஒருவரோடொருவர் பேசச் சொல்லிக்கொடுத்தார்கள்!

அதில் ஒரு பாடத்தை இங்கேயே பார்த்துவிடலாம். மேலதிகாரி ஒரு தேதியைக் குறித்துவிட்டார்; வேலை அதற்குள் முடியாது. நம்மில் பெரும்பாலோர் என்ன சொல்வோம்? 'டெஸ்டிங் கொஞ்சம் பாக்கி இருக்கு சார்.' பொய்யில்லை. ஆனால் அவர் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'சார், ஒரு நிமிஷம். இந்தத் தேதி எனக்குக் கவலையா இருக்கு. டெஸ்டிங் பாதிகூட முடியலை. ஒரு வாரம் தள்ளிவைக்கலாம்னு நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?' கூப்பிட்டு நிறுத்துகிறீர்கள், கவலையைச் சொல்கிறீர்கள், கண்டதைச் சொல்கிறீர்கள், ஒரு வழி காட்டுகிறீர்கள், பதிலும் கேட்கிறீர்கள். இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது? கேள்வியில் முடிவதால் அவர் பதில் சொல்லாமல் நகரவும் முடியாது.

சரி, இது சொல்கிறவரின் பாடம். கேட்கிறவரின் பாடம் இதைவிடக் கடினம் என்பது என் எண்ணம். பல பயிற்சி வகுப்புகளில் 'தைரியமாகப் பேசு' என்று இளையவர்களுக்குத்தான் சொல்கிறோம். பேசியவனை முகம் சுளித்துப் பார்க்கும் மூத்தவருக்கு யார் வகுப்பு எடுப்பது?

ஹார்வர்டின் எமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல ஒற்றுமையும் நல்ல தலைமையும் உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? பதிவான தவறுகள் அங்கேதான் அதிகம். அவர்கள் கூடுதலாகத் தவறு செய்யவில்லை, ஒளிக்காமல் சொன்னார்கள் என்பது அவர் கண்ட விளக்கம். ஆகவே, 'என் டீமில் யாரும் பிரச்சினையே சொல்வதில்லை' என்று பெருமைப்படுகிற மேலாளரே, தயவுசெய்து கொஞ்சம் பயப்படுங்கள்.

1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் இன்னொரு விமானம். விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதும் போய்விட்டது. விமானிகளுக்குப் பயிற்சி தரும் ஒரு விமானி அதில் பயணியாக வந்திருந்தார்; அவர் உதவிக்கு வந்தார். கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் அவரைக் காக்பிட்டுக்குள் அழைத்து, இன்ஜின்களின் விசையை அவர் கையில் கொடுத்தார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் பயிற்சி இல்லாவிட்டால் இது முடிந்திருக்காது என்று ஹெய்ன்ஸ் பிற்பாடு பல மேடைகளில் சொன்னார்.

கூட்டம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கருத்தை முதலில் சொல்லாதீர்கள். அந்த அறையில் வயதிலும் பதவியிலும் இளையவரை முதலில் பேச விடுங்கள். அவர் கெட்ட செய்தி சொன்னால், 'ஏன் முன்னாடியே சொல்லலை?' என்று பாயாதீர்கள். 'அப்புறம்? வேறென்ன பார்த்தீர்கள்?' என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.