அழைத்தவர் பொறுப்பு: மேசை விளையாட்டில் வரவழைக்கும் மந்திரமும் தளப் பயணமும்

நேயர்களுக்கு வணக்கம். தாயமும் சொக்கட்டானும் ஆடிப் பழகிய செட்டிநாட்டு வீடுகளுக்குப் பகடை புதிதன்று. ஆனால் இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டி, காய்களுக்குப் பதிலாகக் கதையை நகர்த்தும் ஆட்டம் சற்றுப் புதிது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கி 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடி. ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்க, டஞ்சன் மாஸ்டர் எனப்படும் ஒருவர் எஞ்சிய உலகம் முழுவதையும் நடத்துவார். அந்த ஆட்டத்தில் வேற்றுலக உயிர்களை வரவழைக்கும் மந்திரங்களையும், 'தளங்கள்' எனப்படும் அவ்வுலகங்களுக்கே நாம் போய்வரும் மந்திரங்களையும் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இவற்றைப் படைபலத்தைக் கூட்டும் வழியாகவே பலரும் பார்க்கிறார்கள். என் கருத்தில் இவை முதலாவதாக நிபந்தனைகளைப் பற்றியவை: வந்தது எவ்வளவு நேரம் நிற்கும், யார் சொல்லுக்குக் கட்டுப்படும், கட்டு அறுந்தால் என்ன செய்யும் என்பனவே இங்கு உண்மையான கேள்விகள்.

முதலில் உலகங்களின் அமைப்பு. ஈரேழு பதினான்கு லோகங்கள் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஆட்டத்தின் அடுக்குகள் அவ்வளவாக மலைப்பைத் தரமாட்டா. கைகாக்ஸ் 1977இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் வரைந்து காட்டிய அமைப்பை, 1987இல் ஜெஃப் க்ரப் ஒரு தனி நூலாகவே விரித்தெழுதினார். நடுவில் மனிதர் வாழும் பருப்பொருள் தளம். அதையொட்டி நெருப்பு, நீர், காற்று, மண் ஆகியவற்றின் தளங்கள். அறமும் மறமும் ஒழுங்கும் குழப்பமும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த பதினாறு புறத்தளங்கள் வெளிவட்டத்தில். இது வெறும் வரைபடமன்று. ஓர் உயிர் எத்தளத்தைச் சேர்ந்தது என்பதே அதன் சாவைக்கூடத் தீர்மானிக்கிறது. 'அபிஸ்' என்னும் பாதாளத்தைச் சேர்ந்த பேயை நம் தளத்தில் வெட்டி வீழ்த்தினால், அது கரைந்துபோய்த் தன் பாதாளத்திலேயே மறுபடி உருப்பெறும். ஆகவே நாம் வென்றது ஒரு சண்டையை மட்டுமே; பகை அங்கே உயிரோடு காத்திருக்கிறது.

இனி வரவழைத்தல். 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் விதிகளையே நான் எடுத்துக்கொள்கிறேன். 'கான்ஜூர் எலிமெண்டல்' என்னும் ஐந்தாம் நிலை மந்திரம் (நிலை என்பது மந்திரத்தின் வலிமைப்படி), நெருப்புக்குக் கந்தகமும் பாஸ்பரமும், காற்றுக்குப் புகைந்துகொண்டிருக்கும் சாம்பிராணி போன்ற நறும்பொருள், மண்ணுக்குக் குழைந்த களிமண் என்று பொருளுக்கேற்ற பூதத்தை ஒரு மணி நேரம் வரை வரவழைத்து நிறுத்தும். அந்த நேரம் முழுவதும் அழைத்தவர் மன ஒருமையோடு இருக்க வேண்டும். அடிபடும்போதெல்லாம் பகடை உருட்டி, பத்தையோ, பட்ட சேதத்தில் பாதியையோ, எது கூடுதலோ அதை எட்டினால்தான் அந்த ஒருமை நிலைக்கும். அது கலைந்தால் நம் கதைகளின் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். இந்தப் பூதமோ எங்கும் போகாது, அந்த ஒரு மணி நேரத்தில் எஞ்சிய பொழுதில் தன்னை அழைத்தவருக்கே பகையாகி, அவர்மீது பாயவும் கூடும். இந்த ஒரு விதி, மந்திரவாதியை முன்வரிசையிலிருந்து பின்வாங்கச் செய்து, மற்றவர்களை அவருக்குக் காவலாக்கி, சண்டையின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது.

ஒரு மணி நேரம் போதாது, நெடுநாள் வேலைக்கு ஆள் வேண்டும் என்பவருக்கு 'பிளானர் பைண்டிங்' இருக்கிறது. ஆயிரம் பொற்காசு மதிப்புள்ள ஒரு மணிக்கல் அதற்குச் செலவாகும். மந்திரத்தைச் சொல்லி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். வந்த உயிர் பகடையில் தோற்றால் இருபத்து நான்கு மணி நேரம் கட்டுண்டிருக்கும்; மந்திரத்தை உயர்நிலையில் சொன்னால் தவணை 10 நாள், 30 நாள், 180 நாள் என ஏறி, ஒன்பதாம் நிலையில் ஓராண்டும் ஒரு நாளும் ஆகிறது. தவணை என்றதும் செட்டிநாட்டுக் காதுகள் நிமிரும். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், முதலாளி ஊரில் இருக்க, மேலாள் சம்பளம் பேசி மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறி, தவணை முடிந்ததும் திரும்பிவந்து கணக்கு ஒப்படைப்பார். கட்டுண்ட உயிரும், இட்ட வேலையை முன்னதாக முடித்துவிட்டால், தன்னைக் கட்டியவரைத் தேடிவந்து அதைத் தெரிவிக்க வேண்டும் என்றும், அவர் வேறு தளத்தில் இருந்தால் கட்டப்பட்ட இடத்திற்கே திரும்பி, தவணை முடியும்வரை அங்கே நிற்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ஆனால் மேலாள் தன் விருப்பத்தின்பேரில், ஆதாயம் கருதிப் போனவர். இந்த உயிருக்கு அந்த விருப்பம் இல்லை. ஆதலால் கட்டளையின் எழுத்துக்கு மட்டுமே அது கட்டுப்படும். பகைமை உடையதாயின் சொல்லைத் திரித்துத் தன் நோக்கத்தை நிறைவேற்றப் பார்க்கும். "இந்த வாசலை யாரும் தாண்டாமல் பார்த்துக்கொள்" என்று சொன்னவர், தாமும் அந்த 'யாரும்' என்பதற்குள் அடக்கம் என்பதை வாசலில் நிற்கும்போதுதான் உணர்வார். கட்டளையைத் தாளில் எழுதி, டஞ்சன் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் பிறகு ஆடச் சொல்வது நல்ல வழக்கம்.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. கட்டுவதற்குமுன் அந்த உயிரை ஓரிடத்தில் நிறுத்த வேண்டுமே. அதற்கு 'மேஜிக் சர்க்கிள்': நூறு பொற்காசு மதிப்புள்ள வெள்ளித் தூளும் இரும்புத் தூளும் கொண்டு, பத்தடி ஆரமும் இருபதடி உயரமும் உள்ள ஒரு வளையத்தை எழுப்பி, வெளியிலிருப்பதை உள்ளே விடாத அதன் தடுப்பை, உள்ளிருப்பது வெளியேறாதபடி தலைகீழாக்கி வைப்பது. வளையத்தின் ஆயுள் ஒரு மணி நேரம். பூதத்தின் ஆயுளும் ஒரு மணி நேரம். கட்டும் மந்திரத்தைச் சொல்லி முடிக்கவும் ஒரு மணி நேரம். வளையத்தை மேல்நிலையில் சொன்னால் அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் கிடைக்கும். பூதத்திற்கு அப்படிக் கிடைக்காது. போதாக்குறைக்கு, நீண்ட மந்திரத்தைச் சொல்லும் காலம் முழுவதும் மன ஒருமை அதற்கே தேவைப்படுவதால், பூதத்தின் மீதான பிடியை அதே மந்திரவாதி விட்டுவிட வேண்டியதாகிறது. விதியை எழுத்தெண்ணிப் படித்தால், கட்டி முடிப்பதற்குச் சில நொடிகள் முன்னதாகவே பூதம் மறைந்துவிடும். சில மேசைகளில் இதைக் கருணையோடு விட்டுவிடுகிறார்கள். நானோ, பூதத்தை வரவழைக்காமல், தானே நம் தளத்தில் திரியும் ஒன்றைத் தேடிப்பிடித்து வளையத்துக்குள் வரச் செய்யும்படி ஆட்டக்காரர்களைத் தூண்டுவதையே விரும்புவேன். அந்தத் தேடலே ஒரு முழு மாலைக்குப் போதுமான கதை.

கட்டாயப்படுத்த மனமில்லாதவர், கூலி பேசி அழைக்கும் 'பிளானர் அல்லை'யை நாடலாம். விதிநூல் தரும் உத்தேசக் கூலி நிமிடத்துக்கு 100, மணிக்கு 1,000, நாளுக்கு 10,000 பொற்காசு. ஆபத்தில்லாத வேலைக்குப் பாதி. பேரம் பேசத் தெரிந்தவர்கள் அமர்ந்திருக்கும் மேசையில் இது தனிச்சுவை.

கூட்டமாக விலங்குகளை வரவழைப்பது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எட்டு ஓநாய்கள் வந்தால் எட்டுமுறை பகடை உருட்ட வேண்டும். மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். 2020இல் வந்த துணைநூலில், மந்திரத்தின் நிலைக்கேற்ப வலிமை கூடும் ஒரே ஆவியை வரவழைக்கும் மந்திரங்கள் சேர்க்கப்பட்டன. அது சரியான முடிவு.

இறுதியாகத் தளப் பயணம். ஏழாம் நிலை மந்திரமான 'பிளேன் ஷிஃப்ட்', கைகோத்து வட்டமாக நிற்கும் எட்டுப் பேர்வரை மந்திரவாதியோடு வேறு தளத்திற்குக் கொண்டுசெல்லும். அதற்கு 250 பொற்காசு மதிப்புள்ள, கவை பிரிந்த உலோகக் கோல் வேண்டும். அந்தக் கோல் குறிப்பிட்ட ஒரு தளத்திற்கென்றே இசைவிக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றாம் பதிப்பில், நினைத்த இடத்திலிருந்து ஐந்து முதல் ஐந்நூறு மைல்வரை தள்ளிப்போய் இறங்க நேரும் என்று விதி இருந்தது. நெருப்புத் தளத்தில் ஐந்நூறு மைல் நடப்பதை எண்ணிப்பாருங்கள். ஐந்தாம் பதிப்பு இதைத் தளர்த்தி, குறித்த இடத்திலோ அதன் அருகிலோ இறங்கலாம் என்கிறது. ஒன்பதாம் நிலையிலுள்ள 'கேட்', 5,000 பொற்காசு மதிப்புள்ள வைரத்தைக் கொண்டு குறித்த இடத்திலேயே வாயிலைத் திறக்கும். ஒருவரின் உண்மைப் பெயரைச் சொன்னால் அவரை அந்த வாயில் வழியே இழுத்தும் வரும். ஆனால் வந்தவர்மீது அழைத்தவருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

புதிதாக ஆடுவோர் பெரும்பாலும் போவதற்கான கோலை மட்டும் வாங்குகிறார்கள். சொந்தத் தளத்திற்கென்று இசைவித்த இன்னொரு கோல் இல்லாவிட்டால் அந்த மந்திரத்தால் திரும்ப வழியில்லை. இரண்டு கோல் இருந்தும், மந்திரம் அறிந்த ஒரே ஆள் அங்கே இறந்துவிட்டால் மற்றவர்கள் கையில் அது வெறும் உலோகம். குழுவில் இரண்டாவதாக ஒருவர் அந்த மந்திரத்தைக் கற்றிருக்கிறாரா, அல்லது அதை எழுதிய சுருள் எவரிடமாவது உள்ளதா என்பதைக் கைகோப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.